கோலமும் குடமும்: மூக்கு அறுவைக்குப் பிந்தைய ஆறு வாரங்கள்

கடந்த மார்கழியில், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை விட்ட மறுநாள், எனக்கு மூக்கின் இரண்டு துளைகளையும் பிரிக்கும் நடுத்தண்டை நேராக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. இடப்பக்க மூக்குத் துளையால் நன்றாக மூச்சு விட்ட நாள் எதுவென்று கேட்டால் எனக்கு நினைவில்லை. இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டு, விடியும்போது நாக்கு வறண்டு தொண்டை கரகரத்து எழுந்து, அந்தக் குரலோடு வகுப்புக்குப் போய்க் கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான் நடுத்தண்டு இடப்பக்கமாக வில்லைப்போல் வளைந்திருப்பது தெரிந்தது. மதுரையிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில், முழு மயக்கம் கொடுத்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். அறுவையைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பின் வந்த ஆறு வாரங்களைப் பற்றி, அந்த வாரங்களில் தன் வீட்டு வேலைகளைத் தானே பார்க்கும் ஒரு பெண்ணின் உடல் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த தாளில், மருந்துகளுக்குக் கீழே, "கடினமான உடற்பயிற்சி, பளு தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு, இது உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞர்களுக்கு எழுதியது, நமக்கில்லை என்று மடித்து வைத்துவிட்டேன். என் தவறு அங்கேதான் தொடங்கியது.

முதல் இரண்டு நாட்கள், இரத்தம் கசியாமலிருக்க மூக்குக்குள் திணித்து வைத்திருந்த அடைப்பினால் (பேக்), வாய் வழியாகத்தான் மூச்சு. ஒவ்வொரு வாய்ச் சாப்பாட்டுக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பேக்கை எடுத்த பிறகு உள்ளே நடுத்தண்டின் இருபுறமும் மெல்லிய சிலிக்கோன் தகடுகள் மட்டும் இருந்தன. ஏழாம் நாள் அவற்றையும் எடுத்தார்கள். எடுத்த அந்த நிமிடத்தில் இரண்டு துளைகளிலும் காற்று ஒன்றுபோல் நுழைந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாற்காலியிலேயே கண் கலங்கிவிட்டது. வலி இல்லை, தகடு இல்லை, மூச்சு வருகிறது. நான் குணமாகிவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை. மார்கழியில் எங்கள் தெருவில் ஒரு வாசல்கூட வெறுமையாக இருக்காது. ஒரு வாரமாக என் மகள் போட்ட சின்னக் கோலத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, வாசலைப் பெருக்கி, வாளியில் தண்ணீர் எடுத்துவந்து தெளித்து, பதினைந்து புள்ளி வைத்துக் குனிந்தவாறே இழுக்கத் தொடங்கினேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைசி வளைவை முடிக்கும்போது வெள்ளை இழையின்மேல் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. காவி எங்கிருந்து வந்தது, நான் இன்னும் காவியைக் கரைக்கவே இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அதன் பக்கத்தில் இரண்டாவது பொட்டு விழுந்து, ஈரத் தரையில் ஓரங்கள் கரைந்து விரிந்தபோதுதான் அது என் இரத்தம் என்று புரிந்தது.

அத்தை பதறிப்போய், "தலைய அண்ணாந்து வைம்மா, உச்சியில தண்ணிய ஊத்துறேன்" என்று செம்போடு ஓடிவந்தார். நம் வீடுகளில் மூக்கில் இரத்தம் வந்தால் காலங்காலமாகச் செய்வது அதுதான். ஆனால் தலையை அண்ணாத்தினால் இரத்தம் நிற்பதில்லை. தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகிறது, போய்க் குமட்டி வாந்தியாகிறது, வாந்தியின் அழுத்தத்தில் மறுபடியும் பெருகுகிறது. எவ்வளவு இரத்தம் போயிற்று என்பதும் தெரியாமல் போகிறது. தகடு எடுத்த நாளில் செவிலியர் சொல்லிக் கொடுத்தபடி நான் படியில் உட்கார்ந்து, தலையைச் சற்று முன்பக்கம் சாய்த்து, மூக்கின் கீழ்ப்பகுதியில் எலும்பில்லாத மென்மையான சதையை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டேன். மகள் கைப்பேசியில் பத்து நிமிடம் வைத்தாள். நடுவில் விரலை எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது என்பது முக்கியம். பார்க்கும்போதெல்லாம் உறைந்துகொண்டிருக்கும் இரத்தம் கலைந்துவிடும். முதல் பத்து நிமிடத்தில் நிற்கவில்லை. இரண்டாவது பத்து நிமிடத்தில் நின்றது. (நடுத்தண்டு மட்டும் சரிசெய்யப்பட்டவர்களுக்கு எனக்குச் சொல்லப்பட்ட முறை இது. மூக்கின் எலும்பையும் வெட்டி வடிவத்தை மாற்றியவர்கள் மூக்கைப் பிடிக்கலாமா என்பதைத் தங்கள் மருத்துவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

அன்று காலையே மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டு, ஒரு பொருக்கு முன்னதாகவே பெயர்ந்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை என்றார். பிறகு, "உடற்பயிற்சி வேண்டாம்னு எழுதியிருந்தேனேம்மா, என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். கோலம் போட்டேன் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் மேசையிலிருந்த அந்த அச்சிட்ட தாளை எடுத்துப் பார்த்தார். பின்னர் எனக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி அவர் விளக்கிய விஷயங்கள்தான் இந்தப் பதிவின் உயிர்.

நடுத்தண்டின் முன்பகுதியில், விரல் நுனி தொடும் தூரத்தில், உள் கழுத்துத் தமனியின் கிளைகளும் வெளிக் கழுத்துத் தமனியின் கிளைகளும் வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. சாதாரணமாக வரும் மூக்கு இரத்தக் கசிவில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. அறுவையில் அந்த இடத்தை மூடியிருக்கும் சவ்வைத்தான் தூக்கி, உள்ளிருக்கும் குருத்தெலும்பைச் சரிசெய்து, மறுபடியும் படிய வைக்கிறார்கள். புண்ணின்மேல் கட்டும் பொருக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்குள் தளர்ந்து விழத் தொடங்கும். வலி போய்விட்டது, இனிக் கவலையில்லை என்று நாம் நினைக்கும் அதே நாட்கள்தான் இரண்டாம் முறை இரத்தம் வருவதற்கு வாய்ப்புள்ள நாட்கள். என் ஒன்பதாம் நாள் அதற்குள் சரியாக விழுந்திருந்தது.

குனிந்தால் தலை இதயத்தைவிடத் தாழ்கிறது. மூக்கின் நாளங்களில் இரத்தம் தேங்குகிறது. பாரம் தூக்கும்போது நாம் அறியாமலேயே மூச்சை அடக்கி முக்குகிறோம். அப்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் தடைபட்டு, கழுத்திலும் முகத்திலும் நாளங்கள் புடைக்கின்றன. ஆறாத புண்ணுக்கு இரண்டுமே ஆகாது. கம்பியைத் தூக்கி இறக்குகிறவனுக்கும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிறவளுக்கும் உடலுக்குள் நடப்பது ஒன்றுதான். ஆனால் அவன் செய்வதற்கு உடற்பயிற்சி என்று பெயர் இருக்கிறது, அவள் செய்வதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஆகவே எச்சரிக்கைத் தாளிலும் அது ஏறுவதில்லை, அவள் மனத்திலும் ஏறுவதில்லை.

மூன்று வாரங்களுக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதீர்கள் என்றார் மருத்துவர். நான்கைந்து கிலோ என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை மகள் எடை பார்க்கும் கருவியைக் கூடத்தில் வைத்து, முதலில் தன்னை நிறுத்து, பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு ஏறி நின்று கழித்துக் கழித்து எழுதினாள். நிறை குடம் பதினைந்தரைக் கிலோ. தண்ணீர் வரும் நாளில் அப்படி எட்டுக் குடம் தூக்குகிறவள் நான். பருப்பும் தண்ணீருமாகப் பெரிய குக்கர் ஆறு கிலோவைத் தாண்டியது. ஈரப் போர்வைகள் கிடந்த வாளி பதினொன்று. மாவு அரைத்ததும் கழுவுவதற்காகத் தூக்கும் கிரைண்டர் கல்லே ஐந்தைத் தாண்டியது. எரிவாயு உருளையை நிறுக்கவில்லை. அதன்மேலேயே எழுதியிருக்கிறது, வாயு மட்டும் 14.2 கிலோ, உருளையின் எடையைச் சேர்த்தால் முப்பதை ஒட்டி வரும். அதை அடுப்படிவரை உருட்டிக்கொண்டு போய்ச் சாய்ப்பதும் நான்தான். அந்தத் தாளை மகள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். என் கணவர் அதைப் படித்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். மறுநாள் தண்ணீர் வந்தபோது குடங்களை எடுத்துக்கொண்டு அவர்தான் குழாயடிக்குப் போனார்.

எடையில் அடங்காத வேலைகளும் உண்டு. ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் ஏற்றும்போது ஒரு நொடி மூச்சை அடக்கி இழுக்கிறோம். தரையைத் துடைப்பது, கட்டிலுக்கு அடியில் பெருக்குவது, சட்டென்று குனிந்து விழுந்த பொருளை எடுப்பது எல்லாம் தலையைத் தாழ்த்தும் வேலைகள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதுகை வளைக்காமல், முழங்காலை மடித்து உட்கார்ந்து, தலை நிமிர்ந்தபடியே எடுக்கலாம். தலை வழியாக மாட்டும் நைட்டியின் கழுத்து மூக்கில் உரசும். முன்பக்கம் பொத்தான் வைத்தது இரண்டை அறுவைக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மலச்சிக்கலைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். படுத்தே கிடப்பதாலும் மாத்திரைகளாலும் அது வரும், வந்தால் முக்க நேரும், முக்கினால் மேலே சொன்ன கதைதான். கீரை, வாழைப்பழம், கொய்யா, நிறையத் தண்ணீர் என்று முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். போதாவிட்டால் மருத்துவரிடம் மருந்து கேட்கலாம்.

இத்தனை தடை சொன்னதால் படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்று பொருளில்லை. நடை முதல் நாளிலிருந்தே தேவை. மயக்கத்துக்குப் பிறகு அசையாமல் கிடந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. முதல் வாரம் கூடத்துக்கும் திண்ணைக்குமாக ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் நடந்தேன். எழுந்தவுடன் நடக்காமல், கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து, தலைச் சுற்றல் இல்லை என்று பார்த்துவிட்டு நடந்தேன். ஒன்பதாம் நாள் சம்பவத்தால் இரண்டாம் வாரமும் வீட்டுக்குள்ளேயே போயிற்று. மூன்றாம் வாரம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றத் தொடங்கினேன். எங்கள் வீட்டிலிருந்து அது நடக்கும் தூரம். வெளிச்சுவரை ஒட்டி ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். மேடுபள்ளம் இல்லை, களைத்தால் உட்காரலாம், விடியற்காலையில் வாகனப் புழுதியும் குறைவு. உடன் வரும் மகளோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் என் அளவு. மூக்குக்குள் விண்விண்ணென்று துடிப்புத் தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். நான்காம் வாரம் இரண்டு சுற்று, ஐந்தாம் வாரம் சற்று விரைவு என்று படிப்படியாகக் கூட்டினேன்.

யோகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யோகம் மென்மையானது, அது உடற்பயிற்சியில் சேராது என்று எண்ணி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், சூரிய நமஸ்காரம் எல்லாமே தலையைத் தாழ்த்துபவை. கபாலபாதியிலும் பஸ்திரிகாவிலும் மூக்கு வழியாகக் காற்றை உதைத்துத் தள்ளுகிறோம். ஆறாத சவ்வுக்கு அது மூக்குச் சிந்துவதற்குச் சமம். ஒரு துளையை விரலால் அடைத்துச் செய்யும் மூச்சுப் பயிற்சியையும் நான் ஆறு வாரம் தொடவில்லை. நீச்சலுக்கும் எனக்கு ஆறு வாரம்தான் சொன்னார். பந்தோ முழங்கையோ முகத்தில் படக்கூடிய கபடி, கால்பந்து போன்றவற்றுக்கு மருத்துவர் நேரில் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். தைப்பொங்கலுக்கு அலங்காநல்லூர்ப் பக்கத்து என் அண்ணன் வீட்டுக்கு ஒவ்வொரு ஆண்டும் போவோம். இந்த ஆண்டு போகவில்லை. ஜல்லிக்கட்டுக் கூட்டத்தின் நெரிசலையும் செம்மண் புழுதியையும் நினைத்து நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போகி அன்று காலையிலும் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

சிந்துவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக்கூடாது. உள்ளே ஏதோ அடைத்திருப்பது போலவே இருக்கும், கை தானாகவே போகும். அதை அடக்குவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. தும்மல் வந்தால் வாயை நன்றாகத் திறந்து வாய் வழியாகத் தும்ம வேண்டும், மூக்கைப் பிடித்து அடக்கக்கூடாது. எங்கள் வீட்டில் வற்றல் மிளகாய் தாளிப்பதை மூன்று வாரம் நிறுத்தினோம். ஊதுபத்தியும் சாம்பிராணியும் பூசை அறையோடு நின்றன. நொச்சி இலை போட்டு ஆவி பிடி என்று வந்தவர்களெல்லாம் அன்போடு சொன்னார்கள். சூடு நாளங்களை விரிக்கும் என்பதால் மருத்துவர் அதை அப்போது அனுமதிக்கவில்லை. கொதிக்கக் கொதிக்கக் காப்பி, தலைக்கு வெந்நீர் இரண்டுக்கும் அதே காரணம்.

பொருக்கு இளகுவதற்கு உப்பு நீரால் கழுவச் சொல்வார்கள். கால் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பும் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் போட்டால் எரியாது. தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாகத்தான் இருக்க வேண்டும்; இதில் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் வயிற்றுக்குக் கெடுதல் செய்யாத கிருமி மூக்கு வழியாகப் போனால் மூளைவரை எட்டக்கூடும். கேரளத்தில் 2024இல் அமீபாவால் வந்த மூளைக் காய்ச்சலில் குழந்தைகள் இறந்த செய்தியை நாமெல்லாம் படித்தோம். அதே காரணத்துக்காகக் கண்மாயிலும் கிணற்றிலும் முங்கிக் குளிப்பதையும் தள்ளிப்போட வேண்டும்.

வலிக்கு எனக்கு எழுதித் தந்தது பாராசிட்டமால். அது போதாத ஒரு நாளில் பக்கத்து வீட்டு அக்கா தன் மூட்டு வலி மாத்திரையை அன்போடு நீட்டினார். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுக்கும், கேட்காமல் போடக்கூடாது. இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது. அறுவைக்கு முன்பே இரண்டு மருத்துவர்களிடமும் பேசி முடிவு செய்ய வேண்டிய காரியம் அது.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று: வீக்கம் வடியும்வரை வாசனை தெரியாது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் வாயு கசிந்துகொண்டிருந்ததை ஒருநாள் மகள் ஓடிவந்து சொல்லித்தான் அறிந்தேன். எரிவாயுவில் நாற்றத்தைக் கலப்பதே கசிவு தெரிவதற்காகத்தான். அந்த நாற்றமே எட்டாத மூக்கோடு தனியாக அடுப்படியில் நிற்பது ஆபத்து. அன்றிலிருந்து இரவு உருளையின் ரெகுலேட்டரை மூடுவதை ஒருவர் பொறுப்பில் விட்டோம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரங்கள் சில உண்டு. இருபது நிமிடம் பிடித்தும் நிற்காத இரத்தம், காய்ச்சல், குறைந்துகொண்டிருந்த வலி திரும்பக் கூடி இரண்டு துளைகளும் ஒருசேர அடைத்துக்கொள்வது, உடலில் திடீர்த் தடிப்பு, பார்வையில் மாற்றம், கழுத்து விறைப்போடு கடும் தலைவலி, குனியும்போது ஒரு துளையிலிருந்து தண்ணீர்போல் தெளிவாகச் சொட்டுவது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

பள்ளி திறந்தபோது முகக்கவசம் அணிந்து போனேன். புத்தகக் கட்டுகளைத் தூக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டி போட்டார்கள். மருத்துவமனைக்குக் கடைசியாகப் போனபோது எங்கள் குளிர்பதனப் பெட்டித் தாளின் நகல் ஒன்றை எடுத்துப்போய்க் கொடுத்தேன்; குடம், வாளி, குக்கர், கிரைண்டர் கல், கோலம் என்று மகளின் கையெழுத்தில் இருந்ததை மருத்துவர் முழுவதும் படித்துவிட்டு, அதைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.

ஏழாம் வாரம் தைப்பூசம் வந்தது. தெப்பத் திருவிழாவுக்குத் தெருவே அடைத்துக்கொண்டு சனம் போயிற்று. அன்று விடியற்காலை வாசலில் ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதில் உட்கார்ந்து, எட்டும் தூரத்துக்குப் புள்ளி வைத்து, பிறகு பலகையை நகர்த்தி நகர்த்திக் கோலத்தை முடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, தன் இடுப்பு வலிக்கும் இது நல்லதுதான் என்று சொல்லி, பலகையை இரவல் வாங்கிக்கொண்டு போனார்.